ஒரே கார்டில் நான்கு கெர்னல்

ராஸ்பெர்ரி பை போர்டுக்கான 32-பிட் இயங்குதளம் ஏற்றிய எஸ்டி கார்டு ஒன்றைக் கணினியில் செருகி, பூட் பகுதியைத் திறந்து பாருங்கள். கெர்னல்.ஐஎம்ஜி, கெர்னல்7.ஐஎம்ஜி, கெர்னல்7எல்.ஐஎம்ஜி, கெர்னல்8.ஐஎம்ஜி என்று நான்கு கோப்புகள் இருக்கும். நான்கும் லினக்ஸ் கெர்னல்தான். ஒரே மூல நிரலிலிருந்து, ஒரே பதிப்பு எண்ணுடன் உருவானவை. கார்டை 2012-இல் வந்த முதல் பையில் செருகினாலும் 2019-இல் வந்த பை 4-இல் செருகினாலும் போர்டு எழுந்துவிடும். போர்டின் ஃபர்ம்வேர் தான் எந்த மாடல் என்று பார்த்து, நான்கில் தனக்கு உரியதை எடுத்துக்கொள்கிறது. பை 5 வந்தபோது குடும்பத்தில் இன்னொரு கெர்னல் சேர்ந்தது.

நிரல் ஒன்றுதான் என்றால் கோப்பு ஏன் நான்கு? அவற்றைக் கம்பைல் செய்தபோது கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்விகளின் தொகுப்பைத்தான் கெர்னல் கான்ஃபிக் என்கிறோம். இன்றைய லினக்ஸில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் உண்டு. இந்த டிரைவர் வேண்டுமா, அந்தக் கோப்பு முறைமை வேண்டுமா என்று மேலோட்டமாகப் பார்த்தால் கடைப் பட்டியல் மாதிரிதான் தெரியும். ஆனால் வன்பொருள் தொடர்பான கேள்விகளை உற்றுப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: இந்த முடிவை எப்போது எடுப்பது? கம்பைல் செய்யும்போதே எடுத்துவிடுவதா, போர்டு எழும் நேரத்தில் சூழ்நிலையைப் பார்த்து எடுப்பதா? ஆர்ம் செயலிகளில் லினக்ஸ் ஓடிய முப்பது ஆண்டுக் கதையே, முடிவுகளை ஒவ்வொன்றாக முதல் நேரத்திலிருந்து இரண்டாம் நேரத்துக்குத் தள்ளிவைத்த கதைதான்.

முதலில் அந்தக் கேள்வித்தாள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 2002-இல் ரோமன் ஸிப்பெல் எழுதிய கேகான்ஃபிக் என்ற சிறு மொழி அப்போதைய 2.5 வரிசையில் சேர்ந்தது. மூல நிரலின் ஏறக்குறைய ஒவ்வோர் அடைவிலும் கேகான்ஃபிக் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். ஒரு விருப்பத்தின் பெயர், அது எதைச் சார்ந்தது, இயல்பான பதில் என்ன, படிப்பவருக்கு உதவியாக நாலு வரி விளக்கம் எல்லாம் அதில் இருக்கும். டிரைவர்களைப் பொறுத்தவரை பதில் மூன்றில் ஒன்று: ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும், எம் என்றால் தனி மாட்யூலாகி, தேவைப்படும்போது ஏறும், என் என்றால் கம்பைலே ஆகாது.

மேக்ஃபைலில் இதைச் செய்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரே ஒரு வரி. 'ஓபிஜே' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு, அதை அடுத்து அந்த விருப்பத்தின் மதிப்பு. மதிப்பு ஒய் என்றால் அந்த வரி 'ஓபிஜே-ஒய்' பட்டியலில் சேரும், எம் என்றால் 'ஓபிஜே-எம்' பட்டியலில் சேரும், பதில் இல்லையென்றால் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பட்டியலில் விழும். ஒரு நிபந்தனை வாக்கியம்கூட இல்லாமல் கோடிக்கணக்கான வரிகளில் எது உள்ளே, எது வெளியே என்பது தீர்ந்துவிடுகிறது. பதில்கள் மொத்தமும் '.கான்ஃபிக்' என்ற ஒரே உரைக்கோப்பில் சேர்கின்றன. கெர்னல் அந்தக் கோப்பைத் தன்னுள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளவும் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எந்தெந்தப் பதில்களால் உருவானது என்பதை 'புராக்' அடைவிலேயே படித்துவிடலாம்.

பத்தாயிரம் கேள்விக்கும் யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. போர்டுக்கு நெருக்கமான ஒரு தயார்நிலைப் பட்டியலை, அதாவது டெஃப்கான்ஃபிக்கை எடுத்துக்கொண்டு, மெனுகான்ஃபிக் திரையில் வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள். புதிதாக வருபவர்கள் வழுக்கும் இடம் இங்கேயே தொடங்குகிறது. மேக் கட்டளையில் ஆர்க் என்ற மாறிக்கு ஆர்ம் என்று மதிப்புக் கொடுக்க மறந்தால், கட்டளை ஓடும் கணினியின் கட்டமைப்பையே எடுத்துக்கொள்ளும். மெனுகான்ஃபிக் எந்தப் புகாரும் சொல்லாமல் எக்ஸ்86-க்கான கேள்விகளைக் காட்டும். சேமித்து வெளியே வந்தால், அதுவரை தேர்ந்தெடுத்த ஆர்ம் விருப்பங்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

மேசைக் கணினியில் இந்தச் சிக்கல்கள் இவ்வளவு இல்லையே, ஏன்? பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பேர் கூப்பிட்டு வருகை எடுப்பது மாதிரிதான் பிசியில் நடக்கிறது. பிசிஐ பாட்டையில் ஒவ்வொரு இடமாகக் கெர்னல் கேட்கிறது. அங்கே ஒரு சாதனம் இருந்தால் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லிக் குரல் கொடுக்கிறது. மீதி விவரத்தை பயாஸும் ஏசிபிஐ அட்டவணைகளும் தந்துவிடுகின்றன. அதனால்தான் முன்பின் பார்த்திராத லேப்டாப்பிலும் ஒரே நிறுவல் யுஎஸ்பி வேலை செய்கிறது.

ஆர்ம் உலகம் அப்படி வளரவில்லை. ஆர்ம் நிறுவனம் நெடுங்காலம் சில்லு விற்றதில்லை. செயலி வடிவமைப்புக்கு உரிமம் தருகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சாம்சங், குவால்காம், என்விடியா, பிராட்காம் எல்லாம் அந்த வடிவமைப்பை வாங்கி, தங்கள் விருப்பப்படி டைமர், இன்டரப்ட் கட்டுப்படுத்தி, சீரியல் போர்ட், எஸ்டி கட்டுப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே சில்லில் சேர்த்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு முகவரியில் சும்மா உட்கார்ந்திருக்கும். கேட்டால் பதில் சொல்லாது. தவறான முகவரியில் கை வைத்தால் கெர்னல் அங்கேயே நின்றுவிடலாம்.

ராஸ்பெர்ரி பையையே எடுத்துக்கொள்வோம். அதன் பிஎல்011 சீரியல் போர்ட் முதல் பையிலும் பை 4-இலும் ஒரே வடிவமைப்புத்தான். முதல் பையில் ரேம் அதிகபட்சம் 512 எம்பி. எனவே சாதனங்களின் பதிவேடுகளை 512 எம்பி எல்லைக்கு அடுத்து வைத்தார்கள். பை 2-இல் ரேம் 1 ஜிபி ஆனது. பழைய இடத்தில் இப்போது ரேம் வந்துவிட்டதால், சாதனங்களை 1008 எம்பிக்கு, அதாவது 1 ஜிபியின் கடைசி 16 எம்பிக்குத் தள்ளினார்கள். பை 4-இல் அந்தத் தொடக்கம் 4064 எம்பிக்குப் போனது. மூன்றிலும் சீரியல் போர்ட் இருப்பது அந்தத் தொடக்கத்திலிருந்து 2 எம்பி 4 கேபி தள்ளித்தான். டிரைவரில் ஒரு வரிகூட மாற வேண்டாம். தொடக்க எண் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வன்பொருளுக்குள் எந்த வழியும் இல்லை. வெளியிலிருந்து யாராவது சொல்லியாக வேண்டும்.

யார் சொல்வது என்பதில்தான் தொடக்க காலத்தில் பெரும் குழப்பம் வந்தது. 1994-இல் ரஸ்ஸல் கிங் ஏகார்ன் கணினிகளுக்காக லினக்ஸை ஆர்முக்குக் கொண்டுவரத் தொடங்கினார். அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு போர்டுக்கும் சி மொழியில் ஒரு போர்டு கோப்பு எழுதும் வழக்கம் உருவானது. எந்த முகவரியில் எந்தச் சாதனம், எந்த இன்டரப்ட் எண், எந்தப் பின்னுக்கு எந்த வேலை எல்லாம் நிரலாகவே எழுதப்பட்டன. பூட்லோடர் கெர்னலிடம் ஒரு மெஷின் எண்ணை மட்டும் கொடுக்கும். கெர்னல் அந்த எண்ணுக்கான போர்டு கோப்பைத் தேடி ஓட்டும். அந்த எண்களுக்கு ஒரு பதிவேடே இருந்தது. ராஸ்பெர்ரி பையின் பழைய கெர்னலுக்கு 3138 என்ற எண். அந்த அளவு எண்ணைப் பார்த்தாலே எத்தனை போர்டுகள் பதிவாகியிருந்தன என்று ஊகிக்கலாம்.

இதோடு, சில்லுக் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரே பெயரில் தனக்கென்று தலைப்புக் கோப்புகளை வைத்திருந்தது. இன்டரப்ட் எத்தனை, ரேம் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அவற்றில் மாறிலிகளாக இருந்தன. ஒரே பெயரில் இரண்டு மாறிலி ஒரு கம்பைலுக்குள் இருக்க முடியாது. ஆகவே கேகான்ஃபிக்கில் 'எந்தச் சில்லுக் குடும்பம்?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதிலைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப்புக்கு ஒரு கெர்னல், என்விடியாவின் டெக்ராவுக்கு ஒன்று, சாம்சங்கின் எக்ஸினோஸுக்கு ஒன்று. எல்லாமே ஏஆர்எம்வி7 செயலிகள். ஒரே கட்டளைத் தொகுப்பு. இருந்தும் ஒன்றுக்கான கெர்னல் மற்றதில் ஓடாது.

இதன் பலனாக டெஃப்கான்ஃபிக் கோப்புகள் குவிந்தன. 2010 வாக்கில் ஆர்ம் அடைவில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் வரியில், பெரும்பாலும் இயல்பான பதில்களையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெளியீட்டிலும் அவை மாறும்; மாற்றங்களைப் படிப்பவருக்கு அதில் பொருள் ஏதும் இருக்காது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஆண்டு பொறுமை இழந்து, இந்தக் கோப்புகளையே அழித்துவிடப் போவதாகச் சொன்னார். ஜெர்மனியைச் சேர்ந்த ஊவே கிளைனே-கோனிக் ஒரு வழி கண்டார். இயல்பான பதிலுக்கு மாறாக உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் நிரலை எழுதி ஓட்டினார். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வரிகள் ஒரே மாற்றத்தில் போயின. அதே வேலையைச் செய்யும் 'சேவ்டெஃப்கான்ஃபிக்' கட்டளை அதன்பின் கெர்னலிலேயே வந்துவிட்டது. இன்று டெஃப்கான்ஃபிக்கில் நாம் படிக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ வேண்டுமென்றே எடுத்த முடிவு. படித்தால் அந்தப் போர்டைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளலாம்.

ஆனாலும் அது வீக்கத்தைக் குறைத்ததே தவிர நோயைத் தீர்க்கவில்லை. 2011 மார்ச்சில் லினஸ் மறுபடியும், இம்முறை மிகக் கடுமையான சொற்களில், ஆர்ம்காரர்களைச் சாடினார். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடுதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் சில்லை விற்றால் போதும் என்று இருந்தது; பொதுவாக இருக்க வேண்டிய நிரலைப் பற்றிக் கவலைப்பட ஆளில்லை. அதே ஆண்டு ஆர்ன்ட் பெர்க்மன், ஓலோஃப் யோஹான்சன் ஆகியோர் ஆர்ம் சில்லுகளுக்கான மாற்றங்களை ஒருசேரத் திரட்டிச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்றார்கள். 2010-இல் தொடங்கிய லினாரோ அமைப்பும் இந்த வேலைக்குத் தோள் கொடுத்தது.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. சன் நிறுவனத்தின் கணினிகளிலும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளிலும் இருந்த ஓபன் ஃபர்ம்வேர், வன்பொருளின் விவரங்களை ஒரு மரமாகக் கெர்னலிடம் கொடுக்கும். அந்த மரத்தைத் தட்டையான ஒரு கோப்பாக்கி பவர்பிசி லினக்ஸில் பயன்படுத்தினார்கள். கிராண்ட் லைக்லி போன்றோர் அதை ஆர்முக்குக் கொண்டுவந்தார்கள். இதுதான் டிவைஸ் ட்ரீ. மெஷின் எண்ணுக்குப் பதிலாக பூட்லோடர் இந்தக் கோப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்கிறது. 'இந்த முகவரியில் பிஎல்011 சீரியல் போர்ட் இருக்கிறது, இன்டரப்ட் எண் இது, கடிகாரம் இங்கிருந்து' என்று மரத்தின் ஒவ்வொரு கிளையும் ஒரு சாதனத்தை விவரிக்கும். கெர்னலில் உள்ள டிரைவர் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த பெயர்களின் பட்டியலை வைத்திருக்கும். பெயர் பொருந்தினால் டிரைவர் வேலையைத் தொடங்கும். பையின் சாதனத் தொடக்கம் 512 எம்பியா 1008 எம்பியா என்ற கேள்வி இப்போது கம்பைல் நேரத்தை விட்டு வெளியேறிவிட்டது.

மரம் மட்டும் போதாது. மரத்தைப் படிப்பதற்கே கெர்னல் முதலில் ஓட வேண்டும். ஓடுவதற்கு ரேம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். ஓமேப்3-இல் ரேம் 2 ஜிபி முகவரியில் தொடங்கும், எக்ஸினோஸ் 4-இல் 1 ஜிபியில், டெக்ரா 2-இல் பூஜ்யத்தில். மெய்நிகர் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றும் கணக்கில் இந்த எண் வருகிறது. அந்தக் கணக்கு கெர்னலில் எங்கும் பரவிக் கிடக்கிறது. அதைப் பழையபடி மாறிலியாக வைத்தால் ஒரு கெர்னல் ஒரு குடும்பத்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் ஒரு மாறியைப் படித்துக் கூட்டினால் வேகம் குறையும். 2011-இல் ரஸ்ஸல் கிங் சேர்த்த வழி இரண்டையும் தவிர்த்தது. அந்தக் கூட்டல் கட்டளை வரும் இடங்களை எல்லாம் கம்பைல் நேரத்தில் ஒரு அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். போர்டு எழும்போது கெர்னல் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து ரேமின் தொடக்கத்தைக் கணித்து, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் சரியான எண்ணைத் தானே எழுதிக்கொள்கிறது. அதன்பின் அது மாறிலியைப் போலவே வேகமாக ஓடும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆர்மின் கூட்டல் கட்டளைக்குள் வைக்கக்கூடிய எண்ணுக்கு எட்டு பிட்தான் இடம். 32 பிட் முகவரியின் மேல் எட்டு பிட்டை மட்டும் மாற்றலாம் என்றால், ரேமின் தொடக்கம் 16 எம்பியின் மடங்காக இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் அப்படித்தான் இருந்தது, அதனால் தப்பித்தார்கள். 2020-க்குப் பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு 2 எம்பியாகத் தளர்ந்தது.

இப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்து, 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் 'மல்டிபிளாட்ஃபார்ம்' என்ற விருப்பம் வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் சில்லுக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒன்றாக ஒய் சொல்லலாம். டெபியன் 8-இலிருந்து ஆர்ம் கெர்னலின் பெயரே ஆர்ம்எம்பி, அதாவது ஆர்ம் மல்டிபிளாட்ஃபார்ம். அதே 3.7-இல் அறிமுகமான 64-பிட் ஆர்ம், பழைய பாடத்தை முதல் நாளிலேயே கற்றிருந்தது: போர்டு கோப்புகளுக்கு இடமில்லை, டெஃப்கான்ஃபிக் ஒன்றே ஒன்றுதான். பழைய ஏஆர்எம்வி4, வி5 சில்லுகள் வரை மல்டிபிளாட்ஃபார்ம் போய்ச்சேர 2022-இல் 5.19 பதிப்பு வர வேண்டியிருந்தது. பத்தாண்டு வேலை. செய்தியில் வராத இப்படிப்பட்ட வேலைக்குத் தங்கள் நல்ல ஆண்டுகளைக் கொடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

கம்பைல் நேர முடிவும் பூட் நேர முடிவும் எங்கே உரசுகின்றன என்பதை 2008-இல் வந்த பீகிள்போர்டில் நெருங்கிப் பார்க்கலாம். எஸ்டி கார்டிலிருந்து அதை எழுப்ப வேண்டும் என்றால், எஸ்டி கட்டுப்படுத்தியின் டிரைவருக்கு ஒய் சொன்னால் போதும் என்று தோன்றும். கம்பைல் ஆகும், பூட்லோடர் கெர்னலை ஏற்றும், செய்திகள் ஓடும், கடைசியில் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பேனிக் ஆகி நிற்கும். டிவைஸ் ட்ரீயைப் பார்த்தால் காரணம் தெரியும். கார்டுக்கு மின்சாரம் தருவது டிடபிள்யுஎல்4030 என்ற தனி மின்மேலாண்மைச் சில்லின் ஒரு ரெகுலேட்டர். அந்தச் சில்லோடு பேச ஐ2சி பாட்டை வேண்டும். ஐ2சி டிரைவரோ ரெகுலேட்டர் டிரைவரோ எம் என்று இருந்தால், அந்த மாட்யூல் கார்டில் இருக்கும் கோப்பு முறைமைக்குள் கிடக்கும். அதைப் படிக்கக் கார்டு வேண்டும், கார்டுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு அந்த மாட்யூல் வேண்டும். எஸ்டி டிரைவர் 'இப்போது முடியாது, பிறகு வருகிறேன்' என்று ஒதுங்கிக் காத்திருக்கும். காத்திருப்பதற்கு முடிவே இருக்காது. கேகான்ஃபிக்கில் இந்தச் சார்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் இது எஸ்டி டிரைவரின் தன்மை அல்ல, இந்தப் போர்டின் தன்மை. போர்டைப் பற்றிய அறிவு டிவைஸ் ட்ரீக்குப் போனபோது, கான்ஃபிக் கேள்வித்தாளுக்கு அந்த அறிவு இல்லாமல் போய்விட்டது. வழி இரண்டு: சங்கிலி முழுவதற்கும் ஒய் சொல்லலாம், அல்லது மாட்யூல்களை இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்பு முறைமையில் அடைத்துக் கெர்னலோடு ஏற்றலாம்.

இன்னொரு விருப்பம் இதைவிட ஏமாற்றும். போர்டு எழவில்லை, சீரியல் கேபிளில் எதுவும் வரவில்லை என்றால், கெர்னலின் முதல் மூச்சிலிருந்தே செய்தி அச்சிடும் டீபக்எல்எல் விருப்பத்தை இயக்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நேரத்தில் டிவைஸ் ட்ரீயை இன்னும் படித்திருக்க முடியாது என்பதால், சீரியல் போர்ட்டின் முகவரியைக் கம்பைல் நேரத்திலேயே கொடுத்தாக வேண்டும். மல்டிபிளாட்ஃபார்ம் கெர்னல் அந்தக் கணமே ஒரே போர்டுக்கான கெர்னலாகிவிடுகிறது. வேறு போர்டில் ஏற்றினால், 'அன்கம்ப்ரெஸ்ஸிங் லினக்ஸ்... டன், பூட்டிங் த கெர்னல்' என்ற வரியோடு, சில சமயம் அதுகூட இல்லாமல், திரை அசையாது நிற்கும். பிழை தேட வைத்த கருவியே பிழையாகிவிடும். விருப்பத்தின் உதவிக் குறிப்பில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. மெனுகான்ஃபிக்கில் எதை மாற்றுவதற்கு முன்னும் அந்த உதவிக் குறிப்பைப் படித்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். அதைவிட நல்ல பாடப்புத்தகம் இந்தத் துறையில் குறைவு.

எஸ்டி கார்டின் நான்கு கெர்னல்களுக்கு வருவோம். இவ்வளவு முடிவுகள் பூட் நேரத்துக்குப் போனபின்னும் அவை ஏன் ஒன்றாகவில்லை? முதல் பையின் ஏஆர்எம்1176 செயலி ஏஆர்எம்வி6 வகை. ஏஆர்எம்வி7-க்கென்று கம்பைல் செய்தால், கம்பைலர் தாராளமாகப் பயன்படுத்தும் சில கட்டளைகள் அந்தச் செயலிக்குத் தெரியாது. இது நிரல் முழுக்க ஒவ்வொரு வரியிலும் பரவியிருக்கும் முடிவு. பூட் நேரத்தில் திருத்த முடியாது. கெர்னல்7எல் பை 4-க்கானது. எட்டு ஜிபி வரை ரேம் உள்ள அந்தப் போர்டில் 32-பிட் கெர்னல் 4 ஜிபியைத் தாண்டிப் பார்க்க எல்பிஏஇ என்ற முகவரி நீட்டிப்பு வேண்டும். அதை இயக்கினால் பக்க அட்டவணை இரண்டு அடுக்கிலிருந்து மூன்று அடுக்காகிறது. கார்டெக்ஸ்-ஏ8, ஏ9 போன்ற செயலிகளுக்கு மூன்று அடுக்கு புரியாது. டெபியனும் இதே காரணத்தால் ஆர்ம்எம்பி-எல்பிஏஇ என்று தனிக் கெர்னல் வைத்திருக்கிறது. கெர்னல்8 என்பது 64-பிட்; அது வேறு கட்டளைத் தொகுப்பே.

செயலியில் உள்ள பிழைகளும் கான்ஃபிக்கில் விருப்பங்களாக வருகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 64-பிட் ஆர்மின் கேகான்ஃபிக்கில் செயலிப் பிழைகளுக்கென்று ஒரு நீண்ட பகுதியே உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் ஆர்ம் நிறுவனம் கொடுத்த எண்ணோடு. கார்டெக்ஸ்-ஏ53-இன் 826319 என்ற பிழைக்கு ஒய் சொன்னால், தற்காலிக நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கட்டளைக்கு ஒரு மாற்றுக் கட்டளையும் கெர்னலில் சேர்ந்துகொள்ளும். எழும்போது அந்தப் பிழையுள்ள செயலி என்று தெரிந்தால் மட்டுமே மாற்று எழுதப்படும். மற்றச் செயலிகளுக்கு நட்டமில்லை. அதே ஏ53-இன் 843419 பிழை அப்படி அடங்காது. ஒரு குறிப்பிட்ட முகவரிக் கட்டளை 4 கேபி பக்கத்தின் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் வந்து விழுந்தால், அதையடுத்த சில கட்டளைச் சேர்க்கைகளில் தவறான முகவரி கிடைக்கலாம். கட்டளை எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்வது லிங்கர். எனவே கெர்னலின் மையப் பகுதியில் இதற்கான மாற்றை லிங்க் செய்யும்போதே வைத்தாக வேண்டும்.

நம் கைப்பேசிகளிலும் இதே இழுபறிதான். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றும் நெடுங்காலம் தனக்கென்று ஒரு கெர்னல் கிளை, தனக்கென்று ஒரு டெஃப்கான்ஃபிக் வைத்திருந்தது. உற்பத்தியாளர் அடுத்த மாடலுக்குப் போனதும் அந்தக் கிளை பட்டுப்போகும். வன்பொருள் நன்றாக இருக்கும்போதே பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிடும். நல்ல செயலியும் திரையும் உள்ள கருவிகள் இப்படி இழுப்பறைக்குப் போவது எனக்குத் தாங்க முடியாத வீணாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டு 12-உடன் 5.10 கெர்னலில் வந்த கருவிகளிலிருந்து கூகுள் ஜிகேஐ என்ற பொதுக் கெர்னலைக் கட்டாயமாக்கியது. மையக் கெர்னலின் கான்ஃபிக் எல்லோருக்கும் ஒன்று; சில்லுக்கே உரியவை எல்லாம் மாட்யூல்கள்.

ரிஸ்க்-ஃபைவ் இந்த வரலாற்றை எல்லாம் பார்த்துவிட்டு வந்த கட்டமைப்பு. லினக்ஸில் அது 2018 ஜனவரியில் 4.15 பதிப்பில் சேர்ந்தது. அதே ஆண்டு சென்னை ஐஐடியின் சக்தி திட்டத்தில் வடிவமைத்த ரிஸ்க்-ஃபைவ் சில்லு லினக்ஸை ஏற்றி ஓட்டியது. டிவைஸ் ட்ரீ அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரு போர்டில் மட்டுமே ஓடும் கெர்னலை உருவாக்கிவிடக்கூடிய விருப்பங்களை அதன் கேகான்ஃபிக்கில் 'நான்போர்ட்டபிள்' என்ற ஒரு கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைத் தெரிந்தே திறந்தால்தான் அவை கண்ணில் படும். ஆர்ம் பதினைந்து ஆண்டு பட்ட பாட்டிலிருந்து கிடைத்த ஒரு விருப்பம் அது.

இன்னும் இறுகியிருக்கும் முடிச்சு ஒன்று உண்டு: நினைவகப் பக்கத்தின் அளவு. 64-பிட் ஆர்ம் 4, 16, 64 கேபி என்று மூன்று அளவுகளைத் தாங்கும். ஆனால் கெர்னலில் கம்பைல் நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ரெட் ஹாட் தன் ஆர்ம் பதிப்பில் 64 கேபியோடு தொடங்கி, ஒன்பதாம் பதிப்பில் 4 கேபிக்கு மாறியது. ஆப்பிளின் எம்1-இல் சாதனங்களுக்கான நினைவகக் கட்டுப்படுத்தி 16 கேபியையே எதிர்பார்க்கிறது. பை 5-க்கென்று சேர்ந்த அந்தப் புதுக் கெர்னலும் 16 கேபிதான். 4 கேபி என்று நம்பி எழுதிய சில நிரல்கள் அதில் தடுமாறின. இந்த அளவையும் பூட் நேரத்தில் தேர்ந்தெடுக்க வழிசெய்யும் ஒரு முன்மொழிவை 2024 அக்டோபரில் ஆர்ம் பொறியாளர்கள் முன்வைத்தார்கள். பக்க அளவை மாறிலி என்று நம்பி எழுதிய நிரல் கெர்னல் முழுக்க இருக்கிறது; எத்தனையோ டிரைவர்களில் அது வரிசைகளின் நீளமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கம்பைல் நேரத்தில் நீளம் தெரியாத வரிசையை ஒரு ஸ்ட்ரக்சருக்கு நடுவில் வைக்க சி மொழி அனுமதிக்காது என்பதால், அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் திறந்து பார்த்து, மூன்று அளவுகளில் பெரியதற்கு இடம் ஒதுக்குவதா, வேறு விதமாக எழுதுவதா என்று தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.